ஒரே வாங்கு, இரண்டு பை: மலையகத்தில் பாடசாலைச் சாமான் வாங்குகிறவர்களுக்கு

இலங்கையின் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, எந்த டவுனை எடுத்தாலும் ஜனவரி பிறக்கும்போது கடைவாசலில் தொங்குவது ஒரே சாமான்தான். பொம்மைப் படம் போட்ட பை, வெள்ளைச் சப்பாத்து, காது வைத்த குடை, பட்டன் அமுக்கினால் திறக்கிற பென்சில் பெட்டி. இவற்றைப் பற்றிச் சொல்லும்போது விலை என்ன, எத்தனை மாதம் உழைக்கும் என்று இரண்டைத்தான் வழக்கமாகப் பார்ப்பார்கள். இங்கே மூன்றாவதாக ஒன்றையும் பார்க்கிறோம். வகுப்புக்குள் போனதும் இந்தச் சாமான் பக்கத்தில் இருக்கிற பிள்ளையை என்ன செய்கிறது?

மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் லயத்துப் பிள்ளை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலிருந்து வருகிற பிள்ளை), குவாட்டர்ஸில் இருக்கிற கிளாக்கர் பிள்ளை, டவுன் கடைக்காரர் பிள்ளை மூன்று பேரும் ஒரே வாங்கில், அதாவது ஒரே பெஞ்சில், இருப்பார்கள். முதலாம் வகுப்பில் எந்தப் பை யாருடையது என்றே அவர்களுக்குத் தெரியாது. மூன்றாம், நான்காம் வகுப்பில் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார்கள். விலை கூடின சாமான்தான் பொறாமையைக் கிளப்பும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எங்கள் கணிப்பு வேறு. ஒரு ஆள் மட்டும் பாவிக்கிற மாதிரிச் செய்த சாமான்தான் கூடுதலாகக் கிளப்புகிறது. இரண்டு பேர் பாவிக்கக்கூடிய சாமான் எத்தனை ரூபாய் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கீழே ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறோம்.

முதலில் சப்பாத்து. கையில் இருக்கிற காசில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். ஜனவரியில் எல்லாருடைய சப்பாத்தும் வெள்ளைதான். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கி செப்டெம்பர் வரை நிற்காது. ஜூன் பிறந்ததும் யாருடைய சப்பாத்து எப்படிப்பட்டது என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஒக்டோபருக்குப் பிறகுதான் பெரிய மழை. அங்கே அதே சப்பாத்து வருசக் கடைசியில் வாயைத் திறக்கும்.

துணிச் சப்பாத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அடியும் சுற்றியுள்ள ரப்பர் பட்டியும் சூட்டில் வெந்து ஒரே துண்டாகப் பிடித்திருக்கும். மற்றது பசை வைத்து ஒட்டியது. கடையில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். கையில் எடுத்து, விரல் மடிகிற இடத்தில் நன்றாக வளையுங்கள். பட்டிக்கும் துணிக்கும் நடுவில் நகம் நுழைந்தால் அது ஒட்டியது, மழைக்குத் தாங்காது. பட்டியின் ஓரத்தில் காய்ந்த பசை பளபளவென்று கோடாகத் தெரிந்தாலும் அப்படித்தான். அப்படிப்பட்டதைத்தான் வாங்க முடியும் என்றால், மழை தொடங்கும் முன்னர் டவுனில் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து, அடியைச் சுற்றி மெழுகு நூலால் ஒரு தையல் போட்டு விடுங்கள். வாய் திறந்த பிறகு தைப்பதைவிட இது மலிவு. தையலும் சுத்தமாக விழும்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு வருசத்துக்கு வரட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் குதிகால் வழுக்கும், விரல் மடிகிற இடம் சப்பாத்தின் தவறான இடத்தில் விழும், அங்கேயே துணி கிழியும். கடைசியில் ஒரு வருசம்கூட வராது. காலுறை போட்டு, பிள்ளையை நிற்க வைத்து, நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருந்தால் போதும். ஒரு சைஸ் பெரிதென்றால் உள்ளே இன்னொரு உள்ளடி போட்டு, ஆறு மாதம் கழித்து எடுத்துவிடலாம்.

நனைந்ததை அடுப்பு விளிம்பில் வைக்கிற பழக்கத்தை விட வேண்டும். சூட்டில் பசை இளகும், புகையில் வெள்ளை மஞ்சளாகும். உள்ளடியைக் கழற்றி, பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, இரவு படுக்கும் முன் ஒரு தடவை பேப்பரை மாற்றி, அடுப்பிலிருந்து மூன்று அடி தள்ளி உயரத்தில் தொங்க விடுங்கள். கழுவினால் சவர்க்காரம் போக நாலு தண்ணீரில் அலசி, மேலே வெள்ளை டிஷூ பேப்பர் சுற்றிக் காய வையுங்கள். மஞ்சள் அந்தப் பேப்பரில் இறங்கிவிடும்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல சப்பாத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பெரிதாகப் பொறாமைப்படுவதில்லை. ஈரச் சப்பாத்து வேறு வேலை செய்கிறது. நனைந்த சப்பாத்தோடு வந்த பிள்ளை காலை வாங்குக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்ளும், இடைவேளைக்கு எழும்பாது. மத்தியானம் வாடை வரும். பக்கத்துப் பிள்ளை ஒரு சாண் தள்ளி உட்காரும். யாரும் யாரையும் ஏசவில்லை, ஆனாலும் கூட்டு பிரிந்துவிட்டது. பைக்குள் ஒரு பொலித்தீனில் காய்ந்த காலுறை ஒரு சோடி போட்டு விட்டால் இதில் பாதி தீரும். ஆசிரியர் அலுமாரியில் நாலைந்து சோடி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

அரசாங்கத்தின் சப்பாத்து வவுச்சர் கிடைக்கிற பாடசாலை என்றால், முடிவுத் திகதியையும் அதை ஏற்கிற கடைகளையும் முதலில் பாருங்கள். 3000 ரூபாய் வவுச்சர் என்பது, 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் 1350 ரூபாய் அடிப்படை நாள் சம்பளக் கணக்கில், இரண்டு நாள் சம்பளத்துக்கும் மேலே இருந்தது. கடைசி நாளில் போனால் பிள்ளையின் சைஸ் முடிந்திருக்கும், இருப்பதைத் தலையில் கட்டுவார்கள். “மொதலாளி, வவுச்சருக்கும் காசுக்கும் ஒரே சாமான்தானே?” என்று கேட்டு, காசுக்கு விற்கிற அடுக்கிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

குடை விசயத்தில் எங்கள் தீர்ப்பு உறுதியானது. காது வைத்த, விசில் கட்டிய சின்னக் குடை வேண்டாம். அது ஒரு பிள்ளையின் தலையை மட்டும் மறைக்கும், தோளும் பையும் நனையும், காற்றில் இரண்டே தடவையில் பின்பக்கம் மடங்கும். மூன்று மடிப்புக் குடையில் கம்பி மூட்டுகள் அதிகம், துரு முதலில் பிடிப்பது அங்கேதான். வாங்க வேண்டியது மடியாத நீளக் குடை, கம்பி 23 இஞ்சி, முடிந்தால் பைபர் கம்பி. பைபர் வளைந்து நிமிரும், இரும்பு வளைந்தால் வளைந்ததுதான். கறுப்போ கருநீலமோ போதும்.

நீளக் குடையின் கீழ் இரண்டு பிள்ளைகள் தாராளமாக நடக்கலாம். மெயின் ரோட்டில் பஸ் இறங்கி லயத்துக்கும் குவாட்டர்ஸுக்கும் பாதை பிரிகிற இடம் வரை ஒரே குடையில் போகிற சோடிகள் எத்தனையோ. குடைக்காரப் பிள்ளைக்குப் பெருமை, மற்றதற்குத் தலை நனையவில்லை, இருவரும் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே போகிறார்கள். ரெயின்கோட்டில் இந்த வசதி இல்லை. ஆனால் பை நனையாமல் இருக்க ரெயின்கோட்தான் சிறந்தது. முதுகுப்பக்கம் பைக்கும் சேர்த்து அகலம் விட்டு வெட்டியதாகப் பார்த்து எடுங்கள். மடித்தே வைத்தால் மடிப்பில் வெடிக்கும், ஆணியில் தொங்க விட வேண்டும்.

தண்ணீர்ப் போத்தலில் உறிஞ்சி வைத்தவைக்கு இப்போது மவுசு அதிகம். உறிஞ்சிக்குள் பூஞ்சணம் பிடிக்கும், சின்னத் தூரிகை இல்லாமல் கழுவ முடியாது, வாய் வைத்ததை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. மூடியே கோப்பையாக வருகிற ஸ்டீல் பிளாஸ்க் விலை கூட என்றாலும் அதற்குத்தான் எங்கள் ஓட்டு. நுவரெலியாக் குளிரில் பத்தரை மணி இடைவேளைக்குச் சுடச்சுட பிளேன்டீ ஊற்றினால் கோப்பை தானாகவே கைமாறும். கொதிதண்ணீர் ஊற்றி மூடிப் பத்து நிமிசம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அது பெயருக்குத்தான் பிளாஸ்க். மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தை வாரம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும். வாடை வந்தால் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் போட்டு ஒரு மணித்தியாலம் விட்டால் போகும். பால் தேத்தண்ணி ஊற்றாதீர்கள், கெட்டுவிடும். அரை லீற்றர் பிளாஸ்க் நிறைந்தால் ஏறக்குறைய 800 கிராம். ஆகவே மூன்றாம் வகுப்புக்குக் கீழே பாரமான சாமான்தான்.

அடுத்தது கலர் பென்சில். வாங்கில் நடக்கிற சண்டையில் பாதிக்கு இதுதான் காரணம். சித்திரப் பாடத்துக்கு 12 நிறம் தாராளம். 24, 36 பெட்டிகளில் கூடுதலாக வருவது பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள், அதோடு தங்கமும் வெள்ளியும். அந்தத் தங்கம்தான் பிரச்சினை.

நான்காம் வகுப்பில் மாரியம்மன் கோயில் தேர் வரைகிற நாளைக் கவனித்தால் விளங்கும். பெட்டிக்காரப் பிள்ளை கொப்பியிலிருந்து நிமிராமலே சட்டம் போடும்: “தங்கத்த கலசத்துக்கு மட்டும் அடி. சக்கரத்துக்கு மஞ்சள் போதும்டி.” பக்கத்துப் பிள்ளை கலசத்துக்கு மெதுவாக, அழுத்தாமல் அடிக்கும். அழுத்தினால் நுனி தேயும் என்று அதற்கும் தெரியும். பென்சில் திரும்பி வந்ததும் பெட்டிக்காரப் பிள்ளை அதை வெள்ளிக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கும். இதைப் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிட்டால் அடுத்த சித்திரப் பாடத்துக்கு “எனக்குத் தங்கம் வேணாம், எனக்குப் பிடிக்காது” என்று பதில் வரும். அதற்குப் பிறகு அந்த வாங்கில் எதையும் கேட்டு வாங்குகிற பழக்கமே நின்றுபோகும்.

ஒரு வழி இருக்கிறது. முழு நீளப் பென்சில் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர். கூரான கத்தியால் சுற்றிவரக் கீறி, நடுவில் உடைத்தால் இரண்டு பென்சில். ஒரு பாதி ஒரு ஆளுக்கு. பிள்ளையின் கைக்கு எட்டு சென்ரிமீற்றர் போதும், அரை நீளப் பெட்டிகளில் வருவது அந்த அளவுதான். கொடுப்பது பிள்ளையின் கையால் நடக்க வேண்டும், அம்மா வகுப்புக்கு வந்து கொடுத்தால் அது தருமம் ஆகிவிடும்.

வாங்கும்போது பென்சிலின் இரண்டு முனையையும் பாருங்கள். உள்ளே இருக்கிற நிறக் கூர் மரத்துக்கு நட்டநடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சீவச் சீவ முறியும். உருண்டைப் பென்சில் சரிவு மேசையில் உருண்டு விழும், விழுந்தால் மரம் உடையாது, உள்ளே கூர் துண்டுதுண்டாகும். ஆறு பக்கம் உள்ளதே நல்லது. கூராக்கியின் தகடு மழுங்கினாலும் பென்சில் முறியும். பலர் பென்சிலைத்தான் ஏசுகிறார்கள்.

பட்டன் பென்சில் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் மெல்லியது, பிணைச்சல் பிளாஸ்டிக், முதல் தவணை முடியும் முன் ஏதோ ஒன்று போய்விடும். பென்சில் வைப்பதற்கென்று அதை யாரும் வாங்குவதில்லை, அமுக்கிக் காட்டுவதற்குத்தான் வாங்குகிறார்கள். பக்கத்துப் பிள்ளை அமுக்கிப் பார்த்த அன்றைக்கே உடைந்தால் பழி யார் மேல் விழும் என்று சொல்லத் தேவையில்லை. தகரப் பெட்டி பனியில் துருப்பிடிக்கும். ஸிப் வைத்த துணிப்பை போதும்.

பை. இழுவைப் பை என்கிற சக்கரம் வைத்த பையை மலையகத்தில் விற்பதே வேடிக்கை. தோட்டத்துப் பாதை கல்லும் படியும், சக்கரத்துக்குள் மண் புகுந்தால் அச்சு துருப்பிடிக்கும், பிறகு தூக்கித்தான் போக வேண்டும். வெறும் பையே இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும். பையின் மொத்தப் பாரம் பிள்ளையின் எடையில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 25 கிலோப் பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் அதைவிட மெலிவு.

முதுகுப்பையில் பார்க்க வேண்டிய இடம் வார் பையோடு சேரும் மூலை. அங்கே சதுரமாகவும் அதற்குள் குறுக்காகவும் தைத்திருந்தால் நம்பி எடுக்கலாம். ஒற்றைக் கோட்டுத் தையல் என்றால் இரண்டாம் தவணையில் அறும். ஸிப்பைத் திறந்து, வளைவில் நிறுத்தி, இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள், பல் விலகினால் விடுங்கள். உள்ளே பூசிய பூச்சைச் சுரண்டினால் தூளாக வந்தால் மழையில் கொப்பி ஊறும். முன்பக்கத்துப் பொம்மைப் படம் வருசம் மாறினால் பழசாகும், பிள்ளை புதுசு கேட்கும். படமில்லாத பை இரண்டு, மூன்று வருசம் போகும்.

பை விசயத்தில் ஏழை, பணக்காரன் கணக்கு நேராக வராது. அம்மா குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்கிற லயத்துப் பிள்ளையிடம் சில வேளை டவுன் பிள்ளையிடம் இல்லாத பையும் 36 கலரும் இருக்கும். வகுப்பில் அதிகம் பொறாமைப்படுவது அந்தப் பையைப் பார்த்துத்தான், அதிகம் சண்டை பிடிக்கிற பிள்ளையும் பல நேரம் அந்தப் பைக்குச் சொந்தக்காரப் பிள்ளைதான். யாரும் தொட்டால் கோபம் வரும், அம்மா அனுப்பிய சாமான் அல்லவா. வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: ஒன்று பெரிதாக அனுப்புவதைவிட, அழிறப்பர், கூராக்கி, ஸ்ரிக்கர் போலச் சின்னதாக ஒரு டசின் அனுப்புங்கள். கொடுக்கக் கையில் ஏதாவது இருக்கிற பிள்ளையைச் சுற்றிக் கூட்டாளிகள் சேருவார்கள்.

சீருடைத் துணி 1993 முதல் இலவசம், பாடப்புத்தகம் 1980 முதல். இருந்தும் காலைக் கூட்டத்தில் வரிசையாக நின்றால் கடைத்துணி எது, அரசாங்கத் துணி எது என்று வெள்ளையிலேயே தெரிந்துவிடும். தைக்கும்போது கீழ் மடிப்பில் இரண்டு இஞ்சி விட்டு வையுங்கள். அடுத்த வருசம் இறக்கினால் பழைய மடிப்பு கோடாகத் தெரியும். தையலைப் பிரித்ததும் ஈரத்துணி போட்டு இஸ்திரி பிடித்தால் பெரும்பாலும் போகும். நீலம் கொஞ்சமாகப் போடுங்கள், கூடினால் திட்டுத்திட்டாக நிற்கும்.

பிறந்தநாளுக்கு வகுப்பில் டொபி கொடுப்பது நல்ல வழக்கம், கெடுக்காமல் விட்டால் சரி. எல்லாருக்கும் ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. “கூட்டாளிக்கு ரெண்டு” என்று தொடங்கினால் வகுப்பு இரண்டாகும். 40 பிள்ளைக்கு 50 டொபி வாங்குங்கள், பக்கத்து வகுப்பிலிருந்தும் வருவார்கள். டவுன் பேக்கரியில் கேக்கும் ரோல்ஸும் போட்டுப் பின்னேரம் பார்ட்டி வைப்பவர்கள் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கினால் தோட்டத்துக்குக் கடைசி பஸ் போய்விடும். அப்படி அழைப்பது அழைக்காததுக்குச் சமம். சனிக்கிழமை பத்து மணிக்கு வையுங்கள். பரிசைப் பிள்ளைகள் முன்னால் பிரிக்காதீர்கள், ஒரு கொப்பி கொண்டுவந்த பிள்ளை அடுத்த வருசம் வராது.

கடைசியாகப் பழைய சாமான். பையோ பிளாஸ்க்கோ நல்ல நிலையில் இருந்து, கொடுக்க மனமும் இருந்தால், அதே வகுப்பில் இருக்கிற கூட்டாளிக்குக் கொடுக்காதீர்கள். போன வருசம் அது யார் முதுகில் இருந்தது என்று 40 பேருக்கும் தெரியும். வேறு தோட்டத்துப் பாடசாலைக்கோ இரண்டு வகுப்பு கீழேயோ போகட்டும். கொடுக்கும் முன் பெயர் எழுதிய துணியைப் பிரித்து, மூலைகளில் நிற்கிற பென்சில் தூளைத் தட்டி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். ஸிப் தலை தேய்ந்திருந்தால் முழு ஸிப்பையும் மாற்றத் தேவையில்லை. பை தைக்கிற கடையில் தலையை மட்டும் மாற்றித் தருவார்கள். மெழுகுதிரியை ஸிப் பல்லில் இரண்டு தடவை தேய்த்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.